கைபேசியில் பதிவு செய்தால் போதுமா? அமெரிக்கக் காவல்துறைப் பாகுபாடும் புகார் செய்யும் வழிகளும்

1. பொன்னிவளவன் (நியூ ஜெர்சி), இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். நெடுநாள் தயக்கத்துக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகனுக்கு 19 வயது. நண்பன் வீட்டில் இரவு உணவு முடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நடந்து வந்துகொண்டிருந்தவனை ஒரு ரோந்து கார் மறித்தது. யாரோ ஒருவன் நிறுத்தியிருக்கும் கார்களின் கதவுகளை இழுத்துப் பார்ப்பதாகத் தகவல் வந்ததாம். அவனை நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்து, கைகளை முழங்கால் மேல் வைக்கச் சொல்லி, ஏறத்தாழ 25 நிமிடம் வைத்திருந்தார்கள். முதுகுப்பையைத் திறந்து கொட்டினார்கள். அதில் இருந்தது ஒரு மடிக்கணினியும், நண்பனின் தாயார் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்று டப்பாவும்தான். "எந்த நாட்டிலிருந்து வந்தாய்?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். அவன் பிறந்த மருத்துவமனை அந்த இடத்திலிருந்து நான்கு மைல் தொலைவில் இருக்கிறது.

கைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது. ஏன் பதிவு செய்யவில்லை என்று கேட்டதற்கு, "கையை எடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன் அப்பா" என்றான். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இத்தகைய நிகழ்வுகளைப் பதிவு செய்யவும் புகாராக அனுப்பவும் செயலிகள் இருப்பதாக அறிகிறேன். அவற்றால் பயன் உண்டா? காவலரைப் படம் பிடிப்பது சட்டப்படி சரிதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

2. செங்கழுநீர் (பாஸ்டன்)

பொன்னிவளவன் ஐயா, தம்பி பத்திரமாக வீடு வந்து சேர்ந்ததே முதல் நிம்மதி. நான் ஒரு சட்ட அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்ப்பவள், வழக்கறிஞர் அல்ல. அந்த வரம்புக்குள் நின்று எழுதுகிறேன்.

பொது இடத்தில் கடமையில் இருக்கும் காவலரைப் பதிவு செய்வது உங்கள் உரிமை. இதற்கு அடிப்படையான தீர்ப்புகளுள் ஒன்று எங்கள் ஊரிலிருந்தே பிறந்தது. 2007 அக்டோபரில், பாஸ்டன் காமன் பூங்காவில் ஓர் இளைஞரைக் காவலர்கள் கைது செய்வதைச் சைமன் கிளிக் என்பவர் சில அடி தொலைவில் நின்று கைபேசியில் எடுத்தார். அந்தக் கருவியில் ஒலியும் பதிவாகிறதா என்று ஒரு காவலர் கேட்டார். ஆம் என்று அவர் உண்மையைச் சொன்னவுடன் கையில் விலங்கு மாட்டினார்கள். ஒட்டுக்கேட்பதற்கு எதிரான மாநிலச் சட்டத்தை மீறினார் என்பது குற்றச்சாட்டு. கைபேசியை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தவர் எப்படி இரகசியமாக ஒட்டுக்கேட்டிருக்க முடியும் என்பதைக் காவல்துறை யோசிக்கவில்லை. அந்த வழக்கு நிற்கவில்லை. பிறகு அவர் தொடுத்த வழக்கில், 2011 ஆகஸ்டில் முதலாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்வாறு பதிவு செய்வது அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் காக்கும் உரிமை என்று தீர்ப்பளித்தது. பாஸ்டன் நகராட்சி 1,70,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

உங்கள் மாநிலம் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவது. அங்கும் 2017 ஜூலையில் ஃபிலடெல்பியா நகருக்கு எதிரான வழக்கில் இதே உரிமை உறுதி செய்யப்பட்டது. ஒரு விருந்தைக் கலைத்துக்கொண்டிருந்த காவலர்களைத் தன் ஐபோனில் படம் எடுத்த கல்லூரி மாணவரும் அவ்வழக்கில் ஒரு மனுதாரர். எனவே உங்கள் பகுதியில் இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் உரிமை என்பது பதிவு செய்வதற்கு மட்டுமே. அவர்கள் வேலைக்குக் குறுக்கே போவதற்கு அல்ல. விலகி நிற்கச் சொன்னால் விலகி நின்று எடுங்கள். நிறுத்தப்பட்டவரே பதிவு செய்யவேண்டிய நிலை வந்தால், "என் கைபேசியை எடுக்கப்போகிறேன்" என்று வாயால் சொல்லிவிட்டு மெதுவாக எடுக்கவேண்டும். தம்பியின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

3. பழங்காசு (லாஸ் ஏஞ்சலஸ்)

இந்த ஊருக்கு நான் வந்தது 1989-இல். அதனால் செயலி, உரிமை என்ற சொற்களைக் கேட்கும்போது எனக்குச் சற்று அலுப்பு ஏற்படுவதை மன்னியுங்கள்.

1991 மார்ச் 3 அன்று ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் தடியால் அடித்ததை, ஜார்ஜ் ஹாலிடே என்னும் குழாய்ப்பணித் தொழிலாளி தன் வீட்டு மாடத்தில் நின்று சோனி கேமராவில் எடுத்தார். அக்காலத்தில் கைபேசியில் கேமரா ஏது? அவர் முதலில் காவல் நிலையத்தைத் தொடர்புகொண்டார். அங்கே யாரும் அக்கறை காட்டவில்லை. அதன் பிறகே தொலைக்காட்சி நிலையத்துக்கு நாடாவைக் கொடுத்தார். உலகமே பார்த்தது. இனித் தப்பமுடியாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். 1992 ஏப்ரல் 29 அன்று சிமி வேலி நடுவர் குழு, வழக்கில் நின்ற காவலர் நால்வரில் எவரையும் தண்டிக்கவில்லை. காவலர் தரப்பு வழக்கறிஞர்கள் அந்த நாடாவைத் துண்டு துண்டாக நிறுத்தி ஓட்டி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். முழுதாகப் பார்த்தால் கொடுமையாகத் தெரிந்தது, துண்டாக நறுக்கியபோது பயிற்சிக் கையேடு போலத் தெரிந்தது. அதன் பிறகு நகரம் எரிந்ததை என் கடைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு பார்த்தவன் நான். மறு ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுள் இருவரைத் தண்டித்தது உண்மைதான். ஆனால் அதற்கு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கலவரம் தேவைப்பட்டது.

ஆகவே பொன்னிவளவனின் மகன் பதிவு செய்திருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

4. குயின்ஸ்வாசி (நியூயார்க்)

பழங்காசு ஐயா சொல்வது ஒரு வீடியோவைப் பற்றி. ஒரு வீடியோ ஒரு நிகழ்வை மட்டுமே காட்டும்; அதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லலாம். பாகுபாடு என்பதோ பல்லாயிரம் நிகழ்வுகளை எண்ணிப் பார்க்கும்போதுதான் வெளிப்படும். எங்கள் நகரத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும்.

2011-ஆம் ஆண்டில் மட்டும் நியூயார்க் காவல்துறை 6,85,724 முறை மக்களைத் தெருவில் நிறுத்தி விசாரித்தது. அவற்றில் ஏறத்தாழ 88 விழுக்காட்டில் கைதும் இல்லை, அழைப்பாணையும் இல்லை. அதாவது, நிறுத்தப்பட்டவர் மேல் எந்தக் குற்றமும் காணப்படவில்லை. நிறுத்தப்பட்டோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். இந்தக் கணக்கு யாரும் வீடியோ எடுத்ததால் வந்ததன்று. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காவலர்கள் நிரப்பவேண்டிய யுஎஃப்-250 என்ற படிவத்திலிருந்து வந்தது. அந்தப் படிவத்தில் காரணத்துக்கு நேராகக் கட்டங்கள் இருக்கும். "சந்தேகத்துக்கிடமான அசைவு" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டால் வேலை முடிந்தது. காவல்துறை தன் கையாலேயே எழுதிய படிவங்கள்தாம் கடைசியில் அதற்கு எதிரான சாட்சியாயின.

2012 ஜூனில் நியூயார்க் குடிமை உரிமை ஒன்றியம் ஒரு செயலியை வெளியிட்டது. பெயர் 'ஸ்டாப் அண்ட் ஃபிரிஸ்க் வாட்ச்'. முதலில் ஆண்ட்ராய்டில், ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வந்தது. அதில் மூன்று வேலைகள் இருந்தன. படம் எடுக்கலாம், கைபேசியைக் குலுக்கினால் பதிவு நின்றுவிடும். அக்கம்பக்கத்தில் வேறு யாராவது பதிவு செய்துகொண்டிருந்தால் தகவல் வரும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: படம் எடுக்க முடியாவிட்டாலும், பார்த்ததை ஒரு கேள்விப் படிவத்தில் நிரப்பி அனுப்பலாம். எங்கே, எத்தனை மணிக்கு, காவலர் சீருடையில் இருந்தாரா, தடவிச் சோதித்தாரா, பலம் பயன்படுத்தினாரா என்பன போன்ற கேள்விகள். காவல்துறையின் படிவத்துக்கு எதிரே தெருவில் நின்றவரின் படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2013 ஆகஸ்ட் 12 அன்று நீதிபதி ஷிரா ஷைண்ட்லின், தெருவில் நிறுத்திச் சோதிக்கும் இந்த நடைமுறை செயல்படுத்தப்பட்ட விதம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் ஒலிக்கப்பட்ட ஒரு பதிவை நான் மறக்கமாட்டேன். அதைப் பதிவு செய்தவர் பொதுமகன் அல்லர். பிராங்க்ஸில் பணியாற்றிய பெட்ரோ செரானோ என்ற காவலர். யாரை நிறுத்தவேண்டும் என்று தன் மேலதிகாரி சொன்னதை அவர் இரகசியமாகப் பதிவு செய்திருந்தார். 14 முதல் 20, 21 வயது வரையுள்ள கறுப்பின ஆண்கள் என்பது அதில் வந்த விடை.

5. பழங்காசு

குயின்ஸ்வாசி, படிவக் கணக்கை ஏற்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் இருப்பவருக்குத் தகவல் போகும் அந்த இரண்டாவது வசதி எனக்கு உவப்பாக இல்லை. ஏற்கெனவே பதற்றமாக இருக்கும் இடத்தில் பத்துப் பேர் கைபேசியோடு ஓடிவந்து நின்றால் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் கேடு.

6. குயின்ஸ்வாசி

அந்த அச்சம் நியாயமானதே. சாட்சி இருப்பது காவலரை நிதானப்படுத்தும் என்று கருதித்தான் அதை வைத்தார்கள். இரண்டும் நடக்கக்கூடியவை.

7. கீரைக்காரி (கலிபோர்னியா)

தெருவிலிருந்து விமான நிலையத்துக்கு வருகிறேன். என்னுடன் பணியாற்றும் சீக்கிய நண்பர் ஒருவர் மாதம் இருமுறை விமானத்தில் செல்பவர். உலோகச் சோதனை வாயிலில் எந்த ஒலியும் எழாவிட்டாலும் அவருடைய தலைப்பாகைக்காகத் தனியே நிறுத்துவார்கள். தன் தலைப்பாகையைத் தானே தடவிவிட்டு, அந்த விரல்களை வேதிப்பொருள் சோதனைக்கு நீட்டவேண்டும். இதைச் செய்துவிட்டு ஓடினால்தான் விமானம் பிடிக்கமுடியும் என்னும்போது, புகார் எழுத யாருக்கு நேரம் இருக்கிறது? வீடு போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும். அதனால் அரசின் பதிவேட்டில் புகார்களின் எண்ணிக்கை எப்போதும் சொற்பம். சொற்பம் என்பதால் சிக்கலே இல்லை என்ற பதில்.

இதை உடைப்பதற்காகவே சீக்கியக் கூட்டமைப்பு 2012 ஏப்ரல் இறுதியில் 'ஃபிளைரைட்ஸ்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. புறப்பாட்டு வாயிலில் காத்திருக்கும் நேரத்திலேயே விமான நிலையம், நேரம், நடந்தது, எந்த அடிப்படையில் பாகுபாடு என்று நிரப்பி அனுப்பினால், அது போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் முறைப்படியான புகாராகவே போய்ச்சேரும்படி அமைத்தார்கள். செய்தது சீக்கியர்கள் என்றாலும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவைத்தார்கள். இதில் கேமராவுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வரும் நம் பெற்றோர் மாலையில் நடக்கப் போகிறார்களே, அவர்களை நினைத்துச் சொல்கிறேன். 2015 பிப்ரவரி 6 அன்று அலபாமா மாநிலம் மேடிசனில், அப்படிப் பேரனுக்காகக் குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயது சுரேஷ்பாய் படேல், மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பினத்தவர் ஒருவர் நடமாடுகிறார் என்று யாரோ தொலைபேசியில் சொல்ல, காவலர்கள் வந்தார்கள். ஆங்கிலம் தெரியாது என்று இரண்டு சொல்லில் சொன்னார். காவலர் அவரைக் காலைத் தட்டித் தரையில் வீழ்த்தினார். முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. எல்லாமே காவல் வண்டியின் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. காவல்துறைத் தலைவரே அந்தப் படத்தை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார். இருந்தும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இரண்டு விசாரணைகளில் நடுவர் குழு ஒரு முடிவுக்கு வரவில்லை; 2016 ஜனவரியில் நீதிபதி அந்தக் காவலரை விடுவித்தார். பழங்காசு ஐயாவின் அலுப்பு எனக்குப் புரியாமல் இல்லை.

8. நெறியாளர்

சாத்தான்குளம், திருப்புவனம் நிகழ்வுகள் குறித்து வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே அமெரிக்க நடைமுறையை மட்டும் பேசுவோம்.

9. நிரலன் (சியாட்டில்)

தொழில்நுட்பம் தொடர்பாகச் சில சொற்கள். பதிவு செய்வதில் யாரும் தவறுவதில்லை. அதற்குப் பின் அதைக் காப்பாற்றுவதில்தான் தவறுகிறோம்.

காவலர் கைபேசியைப் பறித்தாலோ அழித்தாலோ உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது என்பதால்தான் 2012 ஜூலையில் நியூ ஜெர்சி ஏ.சி.எல்.யூ. (அமெரிக்கக் குடிமை உரிமை ஒன்றியத்தின் மாநிலக் கிளை) வெளியிட்ட 'போலீஸ் டேப்' செயலியில், பதிவு ஓடும்போதே திரையில் அது தெரியாதபடி மறையும் வசதியும், நகலை அமைப்புக்கு அனுப்பும் வசதியும் இருந்தன. பின்னர் வந்த 'மொபைல் ஜஸ்டிஸ்' செயலியில், பதிவை நிறுத்தியவுடன் நகல் தானாகவே அமைப்பின் சேமிப்புக்குப் போகும்படி இருந்தது. இவை எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருக்கவேண்டாம். இத்தகைய செயலிகள் சில ஆண்டுகள் வாழ்ந்து, பராமரிக்க ஆளில்லாமல் போய்விடுவது வழக்கம். இன்று உங்கள் கைபேசியின் மேகச் சேமிப்பு (கிளவுட்) இயங்கும் நிலையில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் வைஃபை இருந்தால் மட்டும் ஏற்று என்ற அமைப்பு மாற்றப்படாமல் இருந்தால், தெருவில் எடுத்தது வீட்டுக்கு வரும்வரை ஏறாது. இன்றே சரிபாருங்கள்.

அடுத்து, முகத்தாலும் விரல்ரேகையாலும் திறப்பதை அந்த நேரத்தில் முடக்கிவிடுங்கள். ஐபோனில் பக்கப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சில நொடி சேர்த்து அழுத்திப் பிடித்தால் அதன் பிறகு கடவு எண் இல்லாமல் திறக்காது. கைது செய்தாலும் கைபேசிக்குள் தேட நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ரைலி வழக்கில் சொல்லிவிட்டது.

மூன்றாவது, நம்மவர்கள் செய்யும் பெரும்பிழை. எடுத்த வீடியோவை உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் போகும் வீடியோ சுருக்கப்படும். எடுத்த நேரம், இடம் முதலிய உள்தகவல்களும் உதிர்ந்துவிடும். வழக்கறிஞருக்கு வேண்டியது மூலக் கோப்பு. அதை வெட்டாமல், எழுத்தோ இசையோ சேர்க்காமல், பெயரைக்கூட மாற்றாமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.

10. முல்லைக்கொடி (மினியாபொலிஸ்)

நிரலன் தம்பி எழுதியவற்றைப் படித்தபோது 2020 மே மாதம் நினைவுக்கு வந்தது. 38-ஆம் தெருவும் சிகாகோ அவென்யூவும் சந்திக்கும் அந்த முனை வழியாக நான் பலமுறை சென்றிருக்கிறேன். ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த அன்று காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பில், காவல்துறையுடனான நிகழ்வின்போது மருத்துவக் காரணத்தால் ஒருவர் இறந்தார் என்றே இருந்தது. ஒரு காவலர் அவர் கழுத்தை முழங்காலால் அழுத்தியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்றிரவு தார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் தன் வீடியோவை ஃபேஸ்புக்கில் ஏற்றியிராவிட்டால் அந்த அறிக்கைதான் வரலாறாக நின்றிருக்கும். ஒன்பது வயது உறவுக்காரக் குழந்தைக்குத் தின்பண்டம் வாங்கக் கடைக்கு வந்த பெண் அவள். மறு ஆண்டு புலிட்சர் குழு அவளுக்குச் சிறப்புப் பாராட்டு அளித்தது. ஆனால், தான் இன்னும் ஏதாவது செய்திருக்கவேண்டுமோ என்று இரவுகளில் விழித்திருந்து ஃபிளாய்டிடம் மன்னிப்புக் கேட்டதாக அவள் நீதிமன்றத்தில் சொன்னதைக் கேட்டபோது, எடுத்தவரின் பாரத்தை யார் சுமப்பது என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

தென் கரோலினாவில் 2015 ஏப்ரலில் வால்டர் ஸ்காட் ஓடும்போது ஒரு காவலரால் முதுகில் சுடப்பட்டதை எடுத்த ஃபெய்டின் சன்டானா, அச்சத்தால் அதை அழித்துவிடலாமா என்று எண்ணியவர். காவல்துறை சொன்ன கதை தான் கண்டதோடு பொருந்தவில்லை என்று அறிந்த பின்னரே ஸ்காட்டின் குடும்பத்தாரிடம் கொடுத்தார். அந்தக் காவலருக்கு 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. இளைஞர்களுக்குச் செயலியை நிறுவச் சொல்லும்போது, எடுத்த பின் யாரிடம் கொடுப்பது, யாரிடம் பேசுவது என்பதையும் பெற்றோர் சேர்த்துச் சொல்லித்தரவேண்டும்.

11. பொன்னிவளவன்

அனைவருக்கும் நன்றி. இழையை மகனுக்கும் அனுப்பினேன். முல்லைக்கொடி அம்மா எழுதியதை அவன் இரண்டு முறை படித்ததாகச் சொன்னான். வீடியோ இல்லாததால் எங்கள் கதை அன்றே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கீரைக்காரி எழுதிய பிறகு, கேமரா இல்லாமலும் புகார் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் இது நடந்தது ஆகஸ்ட் 20. ஐந்து மாதம் கடந்துவிட்டது. இனிப் போனால் சிரிக்கமாட்டார்களா?

12. செங்கழுநீர்

ஐயா, ஆகஸ்ட் 20 என்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கவேண்டும்!

தம்பியிடம் வீடியோ இல்லை. ஆனால் அந்தக் காவலரின் மார்பில் கேமரா இருந்திருக்கும். நியூ ஜெர்சியில் 2021 ஜூன் முதல் ரோந்துக் காவலர்கள் அதை அணியவேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்கவேண்டும், அதன்பின் அழிக்கலாம். ஆனால் அந்த நிகழ்வு குறித்துப் புகார் பதிவானாலோ, பதிவில் இருப்பவரே வேண்டுகோள் கொடுத்தாலோ மூன்று ஆண்டு காக்கவேண்டும். ஆகஸ்ட் 20-இலிருந்து 180-ஆவது நாள் பிப்ரவரி 16. இன்று ஜனவரி 27.

காவலர் மீதான புகார்களை விசாரிக்கும் காவல்துறையின் உள்விவகாரப் பிரிவுக்கான புகார்ப் படிவம் இணையத்திலேயே கிடைக்கும். நேரிலோ, தொலைபேசியிலோ, எழுத்திலோ எப்படிக் கொடுத்தாலும், பெயர் சொல்லாமல் கொடுத்தாலும்கூட ஏற்கவேண்டும் என்பது மாநிலத் தலைமை வழக்கறிஞரின் விதி. புகாரோடு சேர்த்து, கேமராப் பதிவைப் பாதுகாக்கக் கோரும் தனிக் கடிதமும் கொடுங்கள். தேதி, நேரம், தெரு, வண்டி எண் நினைவிருந்தால் அது. கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. தம்பி நடந்ததைத் தன் கையால், யாரும் திருத்தாமல், நினைவிருக்கும்படியே எழுதட்டும். நீங்கள் எழுதிக்கொடுக்கவேண்டாம்.

13. பழங்காசு

மூன்று முறை "எந்த நாடு" என்று கேட்டதும் அந்தக் கேமராவில் இருக்கும், பொன்னிவளவன். அதை எழுத மறக்கவேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள்.

14. பொன்னிவளவன்

நேற்றிரவு உட்கார்ந்து எழுதினான். நான்கு பக்கம். எலுமிச்சைச் சோற்று டப்பாவின் மூடி சாலையில் உருண்டு போனதையும், அதை எடுக்கலாமா என்று அனுமதி கேட்டதையும் அவன் என்னிடம் சொல்லவே இல்லை, அதில்தான் படித்தேன். வழக்கறிஞர் ஒருவர் வியாழன் மாலை நேரம் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவனோடு நானும் போகிறேன். கடிதத்தின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வந்து எழுதுகிறேன்.